பத்திரம் நம் கையில் இருக்கட்டும்

(எஹலியகொடையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் அணியினர், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நமக்குப் பிறகு பேச இருக்கிறார்கள். நம்மிடம் ஒப்படைத்த விஷயம் வேறு. வெளிநாட்டு வேலைக்குப் போக என்னென்ன பத்திரங்கள் வேண்டும், அவற்றை எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும், எங்கே நம் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

இந்தத் தலைப்பைக் கமிட்டியில் வைத்தபோதே ஒரு கேள்வி வந்தது. "தொழிற்சங்கமே ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி காட்டுவதா? எல்லோரும் போய்விட்டால் சங்கத்தில் யார் இருப்பது?" நியாயமான கேள்விதான். அதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு நாடு வங்குரோத்தானபோது, அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். நம் லயங்களிலிருந்தும் போனார்கள். நாம் வேண்டாம் என்று சொன்னாலும் போவார்கள். சீனி வாங்கக் காசில்லாத வீட்டுக்குப் போய் "போகாதே" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் போகிறவர் யாருடைய பத்திரத்தில் போகிறார், எந்தப் பெயரில் போகிறார், திரும்பி வர வழி வைத்துக்கொண்டு போகிறாரா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. அந்தக் கடமையைத்தான் இன்று பேசுகிறோம். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போனால் சொந்தப் பெயரில், சொந்த வயதில், சொந்தப் பத்திரத்தோடு போ என்கிறோம்.

தோழர்களே, பத்திரம் என்றால் நமக்கு வெறும் கடதாசி அல்ல. நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்தபோது கழுத்தில் தகர வில்லை தொங்கியது. டின் டிக்கட் என்றார்கள். ஆளின் பெயரைவிட அதிலிருந்த எண்தான் முக்கியம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். கடன் இவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டு துரையின் கையிலும் கங்காணியின் கையிலும் இருந்தது. தொழிலாளி கையில் இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. அதுவரை துண்டு யார் கையில் இருந்ததோ, அவர் கையில்தான் ஆளும் இருந்தார்.

பிறகு 1948 வந்தது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டம் வந்தபோது, 1946 ஜனவரிக்கு முன் திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னார்கள். உழைத்த கைகள் இருந்தன, உழைத்ததைக் காட்டக் கடதாசி இல்லை.

நம் சப்ரகமுவ மண்ணிலேயே அதற்கு எதிராக ஒரு வழக்கு எழுந்தது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல தொகுதியில் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கோடகன்பிள்ளை என்பவர் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1951இல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் அங்கேயும் தோற்றது. ஒரு பெயரை ஓர் இடாப்பில் எழுதுவதற்காக ருவன்வெல்லையிலிருந்து லண்டன் வரை போனவர்கள் நம் ஆட்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கடைசியில் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இங்கே நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் இந்நாட்டுப் பிரஜைகள் என்று ஏற்றுக்கொண்டது.

இந்தக் கதையை ஏன் இங்கே சொல்கிறோம்? நம்முடைய பத்திரத்தை இன்னொருவர் வைத்திருந்த காலமெல்லாம் நாம் பட்டது போதும் என்பதற்காகத்தான். இன்று துரை வைத்திருப்பதில்லை. ஆனால் டவுனில் உட்கார்ந்திருக்கும் தரகர் வைத்திருக்கிறார். "ஒன்றும் யோசிக்காதே அக்கா, எல்லாவற்றையும் நான் செய்து தருகிறேன்" என்கிறாரே, அந்த வார்த்தையில்தான் பழைய துண்டு இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டியில் என்ன பத்திரம் இல்லையோ, அதுதான் அவருடைய முதல்.

இனி விஷயத்துக்கு வருவோம். பத்திரங்கள் ஏணிப்படி மாதிரி. கீழ்ப்படி உடைந்திருந்தால் மேல்படியில் கால் வைக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் முதல் படி. அதை வைத்துத்தான் தேசிய அடையாள அட்டை. இரண்டையும் வைத்துத்தான் கடவுச்சீட்டு. அதன் பிறகுதான் பொலிஸ் ரிப்போட், படிப்புச் சான்றிதழ், தொழில் சான்றிதழ். வேலை உறுதியான பிறகு ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனை, விசா. எல்லாவற்றுக்கும் கடைசியாக, விமானம் ஏறுமுன், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு. இந்த ஒழுங்கை மாற்றி, முதலில் தரகருக்குக் காசு, பிறகு மெடிக்கல், அதன் பிறகு பேர்த் சேர்ட்டிபிக்கட் தேடுவது என்று போகிறவர்கள்தான் ஆறு மாதம் அலைந்து, காசையும் இழந்து வந்து நிற்கிறார்கள்.

முதல் படியைப் பார்ப்போம். தோட்டத்தில் பிறந்தால் ஏழு நாளைக்குள் தோட்ட அத்தியட்சகருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்கேயே பதியலாம். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். நம் ஆட்களில் மூன்று வகைப் பிரச்சினை இருக்கிறது. ஒரு வகையினருக்குப் பதிவு இருக்கிறது, பிரதி இல்லை. இது சுலபம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பிரதி எடுக்கலாம். கணினி வலையமைப்பு வந்த பிறகு, பிறந்த ஊருக்கே போக வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த திகதியையும் இடத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

இரண்டாவது வகையினருக்குப் பதிவே இல்லை. 1977இலும் 1983இலும் இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்களை எரித்தபோது இரவோடிரவாக ஓடியவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை, எந்த ஊரில் வளர்ந்தது என்று தாய்க்கே குழம்பிப்போன காலம் அது. அப்படிப்பட்டவர்களுக்குக் காலங்கடந்த பதிவு என்ற வழி இருக்கிறது. பள்ளிக்கூட அனுமதி இடாப்பின் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ், கிளினிக் கார்ட், கூடப் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவை அதற்குக் கைகொடுக்கும். தேடியும் பதிவு கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. நேரம் எடுக்கும், ஆனால் நடக்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நாங்கள் இதில் உதவ முடியும். அனுமதி இடாப்பு என்பது வெறும் வரவுப் புத்தகம் அல்ல. சில பிள்ளைகளுக்கு அவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பதற்கான ஒரே சாட்சி அதுதான்.

மூன்றாவது வகைதான் அதிகம். பதிவு இருக்கிறது, பெயர் வேறாக இருக்கிறது. வீட்டில் புஷ்பராணி. பிறப்புச் சான்றிதழில் புஸ்பராணி. அடையாள அட்டையில் தகப்பன் பெயரையும் சேர்த்து முத்தையா புஷ்பராணி. பள்ளிக்கூடத்தில் மு. புஸ்பராணி. கல்யாணப் பதிவில் வெறும் ராணி. கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் விமான நிலையத்தில் இவர்கள் நான்கு பேர். சொன்னதைக் கேட்டு எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. எழுதியதைப் பார்த்துத் திருத்தச் சொல்ல நம் அம்மாமாருக்கு எழுத்துத் தெரியாது. இரண்டு பக்கமும் குறை வைத்துப் பெயரைத் தொலைத்தோம். இதைத் திருத்தவும் வழி உண்டு. எந்தச் சொல்லில் பிழை என்று காட்டி, அதற்கான ஆதாரங்களோடு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். பின்னால் செய்தால் இரட்டைச் செலவு.

இங்கே மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் அலுவலகப் பத்திரம் எல்லாம் சிங்களத்தில் வருகிறது. விளங்கவில்லை என்று கேட்டால் "இப்படித்தான்" என்கிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அப்படிச் சொல்லவில்லை. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் ஒருவர் தமிழில் கடிதம் அனுப்பலாம், தமிழில் அலுவல் பார்க்கலாம், தனக்குத் தரப்படும் பத்திரத்தைத் தமிழிலோ அதன் தமிழ் மொழிபெயர்ப்பாகவோ கேட்டுப் பெறலாம். கிடைக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கவுண்டரில் இருக்கும் உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அவருக்கும் மேலிடத்திலிருந்து தமிழ் தெரிந்த ஆள் அனுப்பப்படவில்லை. ஆனால் விளங்காத பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "வாசித்துச் சொல்லுங்க ஐயா" என்று கேட்பது வெட்கம் இல்லை.

அடுத்தது அடையாள அட்டை. 15 வயது நிறைந்தால் எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதிபர் மூலமாகவே விண்ணப்பம் போகும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் எடுத்துவிட்டால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தலையிடி குறையும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர், தோட்டத்தில் வசிப்பவரென்றால், தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சிப்படுத்தலாம். கவனியுங்கள், அது அத்தியட்சகர் நமக்குச் செய்யும் தயவு அல்ல. அது அவர் பொறுப்பில் உள்ள வேலை. சில இடங்களில் "பேர் குறைவாக இருக்கிறது, வேலைக்கு வந்துவிட்டுக் கேள்" என்று விண்ணப்பத்தை இழுத்தடிப்பதாக முறைப்பாடு வருகிறது. வேலைக்கு வராததற்கு வேறு நடவடிக்கை இருக்கலாம், ஆளை ஆள் என்று அத்தாட்சிப்படுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்படி நடந்தால் திகதியோடு எழுதி நம் தலைவரிடம் கொடுங்கள். இது சங்கம் பேச வேண்டிய விஷயம்.

மூன்றாவது படி கடவுச்சீட்டு. அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் படம், கைவிரல் அடையாளம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. சாதாரண சேவை, ஒருநாள் சேவை என்று இரண்டு இருக்கின்றன. ஒருநாள் சேவைக்கு 2024இல் கட்டணத்தை 20,000 ரூபாவாக்கினார்கள். அதே வருடம் செப்டம்பரில் வர்த்தமானியில் நமக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புத்தகத்துக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் உழைப்பு. அதனால் தான் சொல்கிறோம், அவசரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். போகும் எண்ணம் இருப்பவர் நேரத்தோடு சாதாரண சேவையில் எடுத்து வையுங்கள். எடுத்த பிறகு அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள். தரகர் கேட்டால் பிரதி. ஏஜென்சி கேட்டால், விசா ஒட்டுவதற்கு என்றால், திகதியும் பெயரும் போட்ட பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு மட்டும் கொடுங்கள்.

இப்போது சொல்லப்போவது கசப்பான விஷயம். "வயது பத்தவில்லையா? கூட்டிப் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்ற பிள்ளையை மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, பிறப்புச் சான்றிதழின்படி அந்தப் பிள்ளைக்கு 17 வயது. கடவுச்சீட்டிலோ 23 வயது. போய்ச் சில வாரங்களில் அவர் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. கொலை என்று குற்றம் சுமத்தினார்கள். 2007இல் மரண தண்டனை. அவர் சிறுமி என்று உலகமே சொன்னபோது அங்கே கையிலிருந்த பத்திரம் சிறுமி இல்லை என்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனையை நிறைவேற்றினார்கள். பொய்ப் பத்திரம் செய்து அனுப்பியவர்களுக்கு இங்கே நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. கொடுத்து என்ன? நாம் அந்தத் தாயின் வறுமையைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு பொய்த் திகதி ஒரு பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பிடியையும் பறித்துவிட்டது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வயதைக் கூட்டிப் போடுவது உதவி அல்ல. ஆபத்து வரும்போது நமக்காகப் பேச வேண்டிய பத்திரம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

அடுத்து பொலிஸ் ரிப்போட். எல்லா நாடும் கேட்பதில்லை, கேட்கும் நாட்டுக்கு மட்டும் எடுங்கள். நாம் வசித்த இடத்துப் பொலிஸில் விசாரித்துத்தான் கொடுப்பார்கள். இங்கேதான் நம் விலாசப் பிரச்சினை வருகிறது. லயத்துக்கு இலக்கம் இல்லை, கதவுக்கு இலக்கம் இல்லை, தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும். ஐந்து மகேஸ்வரி இருக்கும் டிவிஷனில் கடிதம் எந்த மகேஸ்வரிக்குப் போகும்? ஆகவே எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி விலாசம் எழுதுங்கள். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தபாற் கந்தோர். கிராம உத்தியோகத்தரிடமும் வாக்காளர் இடாப்பிலும் அதே விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிப்புச் சான்றிதழ்களில் சாதாரண தரப் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வர வேண்டும். இணையத்தில் பார்த்து அச்செடுத்த தாள் செல்லாது. வெளிநாட்டில் காட்டும் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டி வரலாம். படிக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். தொழில் தெரிந்தவருக்கு தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்து பழகிய வேலையைச் செய்து காட்டி மதிப்பீடு பெறவும் வழி உண்டு. மேசன் வேலை, வயரிங், வெல்டிங், சமையல், பராமரிப்பு என்று நம் பையன்களும் பிள்ளைகளும் கொழும்பில் பத்து வருடம் செய்த வேலை ஒரு கடதாசியிலும் இல்லை. சான்றிதழ் இல்லாதவன் கூலி, சான்றிதழ் உள்ளவன் தொழிலாளி. சம்பளமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி வேலை அனுமதி. இது நாம் இங்கே எடுக்கும் பத்திரம் அல்ல. வேலை கொடுப்பவர் அந்த நாட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டியது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசா என்பது சுற்றிப் பார்க்கக் கொடுப்பது. அதில் போனவருக்கு அங்கே தொழிலாளி என்ற பெயரே இல்லை. சம்பளம் கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. 2022இல் விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோன பெண்களின் கதி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதன் பிறகு தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி மியன்மாரில் மோசடி முகாம்களில் கொண்டுபோய்ப் பூட்டியதும் நடந்தது. அதில் சிக்கியவர்கள் படித்த பையன்கள்.

ஏஜென்சி உண்மையா என்று பார்ப்பது எப்படி? 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பவர் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். அந்த வேலைக்கு, அந்த நாட்டுக்கு, இத்தனை பேருக்கு என்று பணியகம் அனுமதித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சந்தேகமென்றால் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தென்கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு 2004இலிருந்து அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான ஏற்பாட்டில்தான் ஆள் போகிறது. 18 முதல் 39 வயது, கொரிய மொழிப் பரீட்சை, பணியகம் மட்டும். நடுவில் எந்த ஏஜென்சியும் இல்லை. "கொரியா கோட்டாவில் ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்று யாராவது நகையை அடகு வைக்கச் சொன்னால், அது பொய்.

ஒப்பந்தத்தில் ஆறு விஷயம் பாருங்கள். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம், லீவு, திரும்பி வர டிக்கட் யார் பொறுப்பு, எத்தனை வருடம். மருத்துவப் பரிசோதனை வளைகுடா நாடுகளுக்கு அவர்கள் ஏற்றுக்கொண்ட நிலையங்களில் மட்டும்தான். அதற்குக் கால எல்லை உண்டு, ஆகவே வேலை உறுதியாகுமுன் காசு கட்டாதீர்கள். கடைசியாகப் பணியகப் பதிவு. அதைச் செய்யாமல் போனால் காப்புறுதி இல்லை. செய்துவிட்டுப் போனால் சாவோ காயமோ ஏற்பட்டால் குடும்பம் கேட்க ஓர் இடம் இருக்கிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலோ சாதாரண தரமோ சித்தியடைந்தால் பணியகத்தின் உதவிப்பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். போனவர்கள் அனுப்பும் காசைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த உரிமைகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

தாய்மார் போவதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாங்கள் சொல்லாமல் விட முடியாது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய் போகக்கூடாது என்றார்கள். 2022இல் நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். தகப்பனுக்கு அப்படி ஓர் அறிக்கை எந்தக் காலத்திலும் கேட்கப்படவில்லை. இன்றைக்கு உங்கள் நிலைமைக்கு என்ன விதி என்பதைத் தரகரிடம் கேட்காமல், பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். விதி என்னவாக இருந்தாலும் போகுமுன் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது. அனுப்பும் காசு எந்த வங்கிக் கணக்குக்கு, யார் பெயரில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் யாரைக் கூப்பிட வேண்டும். அம்மா போன மூன்றாம் மாதம் பென்சில் இல்லாமல் வரும் பிள்ளையை நாங்கள் பார்க்கிறோம். காசு வராமல் அல்ல, வந்த காசு பிள்ளையிடம் வராமல். கணக்கைத் தன் பெயரிலேயே திறந்து வைத்துவிட்டுப் போகிற அக்காவின் பிள்ளை நிமிர்ந்து நடக்கிறது.

கடைசியாக, பத்திரத்தைப் பாதுகாப்பது. நம்முடைய மாவட்டத்துக்கு மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2003லும் 2017லும் இரத்தினபுரிப் பக்கம் வெள்ளம் என்ன செய்தது, 2016இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் எப்படி இறங்கியது என்று பார்த்தோம். உயிர் தப்பியவர்கள் கட்டிய துணியோடு நின்றார்கள். நிவாரணம் கேட்கப் போனால் முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள். தடித்த பொலித்தீன் உறை ஒன்று, அதற்குள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பத்திரமும். இரண்டு செட் பிரதி. ஒன்று சொந்தக்காரர் வீட்டில். போனில் படமும் எடுத்து வையுங்கள். வெளிநாடு போகிறவர் ஒரு செட்டை வீட்டில் வைத்து, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சங்கம் என்ன செய்யப் போகிறது என்று கேட்பீர்கள். தீர்மானமாக மூன்று விஷயம் முன்வைக்கிறோம். ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, ஒவ்வொரு டிவிஷனிலும் பிள்ளைமடுவத்திலோ கோவில் திண்ணையிலோ எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் என்ன பத்திரம் இல்லை என்று பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலோடு பிரதேச செயலாளரைச் சந்தித்து, அடையாள அட்டைக்கும் பிறப்புப் பதிவுக்கும் தோட்டத்துக்கே நடமாடும் சேவை கேட்போம். ஒரு நாள் பேரை விட்டு, பஸ் காசு கொடுத்து, "நாளைக்கு வா" என்று திரும்பி வரும் நிலைமை நிற்க வேண்டும். மூன்றாவது, எந்த டிவிஷனுக்கும் தரகர் வந்தால் அவருடைய அனுமதி இலக்கத்தை மாதர் அணி கேட்டு எழுதி வைக்கும். உண்மையான ஆள் தயங்காமல் கொடுப்பார். மற்றவர் அந்தப் பக்கம் மறுபடி வரமாட்டார்.

இதையெல்லாம் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இதே பத்திரங்கள்தான் ஊழியர் சேமலாப நிதி எடுக்கவும், காணி உறுதி வரும்போது பெயர் எழுதவும், பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கவும், வாக்குப் போடவும் தேவை. பத்து பேர் போக எண்ணிப் பத்திரம் சேர்த்து, அதில் ஆறு பேர் போகாமல் இங்கேயே இருந்துவிட்டாலும் நமக்கு நட்டம் இல்லை. பத்திரத்தோடு இருக்கும் தொழிலாளி துரையிடம் பேசும்போதும் குரல் வேறாகத்தான் இருக்கும்.

பட்டியல் எடுக்கும் படிவம் தலைவர்மாரிடம் இருக்கிறது. போகும்போது டிவிஷனுக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் நில்லுங்கள், கடைசி பஸ் வரை நாங்கள் இங்கேதான் இருப்போம்.